பத்து விழுக்காடு நேர்மை

சென்ற ஏப்ரல் மாதம் ஒரு கல்லூரிக்கு, முதுநிலை வேதியியல் மாணவர்களின் புராஜெக்ட் வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளனாகச் சென்றிருந்தேன். மேசைமேல் 11 ஏடுகள். ஒரே கறுப்பு அட்டை, ஒரே பொன்னெழுத்து. அவற்றுள் 7 ஏடுகள், ஏதேனும் ஓர் இலையின் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்தவை. துளசி, வேம்பு, நொச்சி, ஆடாதொடை, கறிவேப்பிலை. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இன்னும் முங்காத இலை தமிழ்நாட்டில் மிச்சமிருக்கிறதா என்று எனக்கு ஐயம் எழுவதுண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. செலவு குறைவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம், வெளிர்மஞ்சள் கரைசல் மெல்லப் பழுப்பாவதைக் கண்ணாலேயே காணலாம். மாணவருக்கு ஏற்ற நல்ல சோதனைதான்.

எல்லா ஏடுகளின் தொடக்கத்திலும் ஒரு சான்றிதழ் இருந்தது. எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளில் இட்டுப் பார்த்ததில் ஒப்புமை இத்தனை விழுக்காடு என்று. 8, 9, 9, 7, 9. ஒருவரும் 10ஐத் தாண்டவில்லை. பெருமைக்குரிய செய்தி என்றே துறையினர் அதை என்னிடம் சொன்னார்கள்.

நான் புரட்டத் தொடங்கினேன். எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுக் கோடுகள் வெள்ளியினுடையவைதாம் என்பதற்கு, ஏழு ஏடுகளும் ‘ஜேசிபிடிஎஸ் அட்டை எண் 04-0783’ என்பதைச் சான்றாகக் காட்டியிருந்தன. எண் சரியானதே. ஆனால் ஜேசிபிடிஎஸ் என்ற அமைப்பு 1978இலேயே தன் பெயரை ஐசிடிடி என்று மாற்றிக்கொண்டது. இந்த மாணவர்களின் பெற்றோரே அப்போது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். ஒரு மாணவியிடம் கேட்டேன்: “அந்த அட்டைய நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?”

“இல்லைங்க சார். ரெஃபரன்ஸ் பேப்பர்ல இருந்துச்சு.”

“எந்தப் பேப்பர்?”

பக்கங்களைத் தள்ளி, 14ஆம் எண் என்றார். அதைப் படித்தாரா என்று கேட்டேன். சுருக்கத்தை மட்டும் படித்ததாக ஒப்புக்கொண்டார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்ததால் அவருடைய ஏட்டில் சற்று நேரம் நின்றேன். அங்கேதான் இந்தக் கட்டுரைக்கான காரணம் இருந்தது.

ஷெரர் சமன்பாட்டைக் கொண்டு அவர் கணக்கிட்ட அளவு 18 நானோமீட்டர். எதிர்ப்பக்கத்தில் மின்னணு நுண்ணோக்கிப் படம். அதில் துகள்கள் 50 நானோமீட்டர் அளவில் தெரிந்தன. படத்தின் கீழே ஒரு வாக்கியம்: இவ்விரு முடிவுகளும் ஒன்றோடொன்று நன்கு ஒத்துப்போகின்றன.

18உம் 50உம் எப்படி ஒத்துப்போகும்? உண்மையில் போகவேண்டியதும் இல்லை. ஷெரர் சமன்பாடு தருவது படிகத்துணுக்கின் அளவை. நுண்ணோக்கி காட்டுவது துகளை. ஒரு துகளுக்குள் பல படிகத்துணுக்குகள் ஒட்டிக்கிடக்கலாம். ஆகவே இரண்டு எண்களும் வேறுபடுவது பிழையன்று, அது ஒரு செய்தி. அந்த ஏட்டிலேயே சிந்திக்கத்தக்க ஒரே செய்தி அதுவாகத்தான் இருந்தது. அதன்மேல் எங்கிருந்தோ எடுத்து, சொற்களை இடம் மாற்றிப் போட்ட ஒரு வாக்கியம் மூடிபோல அமர்ந்திருந்தது. மென்பொருள் அதைத் தூய்மையானது என்று விட்டுவிட்டது.

“வித்தியாசம் இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையா?” என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “தோணுச்சு சார். ஒத்துப்போகலைன்னு எழுதினா நான் தப்பா செஞ்சிட்டேன்னு ஆயிடும்னு நினைச்சேன். எல்லாப் பேப்பர்லயும் ஒத்துப்போகுதுன்னுதான் இருந்துச்சு” என்றார்.

அவர் பார்த்திருக்கிறார். தன் கண்ணால் கண்டதை, தான் முழுதும் படித்திராத யாரோ ஒருவரின் வாக்கியத்துக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். எழுத்துத் திருட்டு என்றதும் பிறர் பொருளை நாம் கவர்வதாகவே எண்ணுகிறோம். இங்கே களவு போனது அந்தப் பெண்ணின் சொந்தப் பொருள்.

இதைச் சொன்னால், அதற்குத்தானே சட்டம் வந்திருக்கிறது என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளை நண்பர்கள் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர இயலாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. பொதுவான சொற்கள் என்ற வகையில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை ஒத்திருந்தால் கணக்கில் வராது. ஆக, 14 சொல் திருடினால் தற்செயல், 15 சொல் திருடினால் களவு. வரி விதிப்பு அட்டவணையைப் போலிருக்கிறது என்று யாரேனும் சொன்னால் என்னால் மறுக்க முடியவில்லை. வரி அட்டவணை எங்கே உண்டோ, அங்கே வரி தவிர்ப்பும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஒழுங்குமுறைகளின் வரையறைப் பகுதியே பயிற்சிக் கட்டுரைகளையும் புராஜெக்ட் அறிக்கைகளையும் விலக்கிவிடுகிறது. பழக்கம் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டு, அது முற்றிய இடத்தில் காவல் வைக்கிறது சட்டம். நம் துறைகளோ, விதி கேட்காதபோதும் அந்த விழுக்காட்டை மட்டும் விரும்பி வாங்கிக்கொண்டன. ஏனெனில் ஒரு எண் இருந்தால் ஏட்டைப் படிக்க வேண்டியதில்லை. நெறியாளர் எண்ணைப் பார்க்கிறார், துறைத்தலைவர் எண்ணைப் பார்க்கிறார், என்னைப்போல் வரும் புறத்தேர்வாளரும் மதிய உணவுக்குமுன் முடித்தாக வேண்டும் என்பதால் எண்ணைப் பார்க்கிறார். படிக்காமல் எழுதிய மாணவனுக்கும் படிக்காமல் கையெழுத்திடும் ஆசிரியனுக்கும் நடுவே அந்த மென்பொருள் ஒரு தரகனாக உட்கார்ந்திருக்கிறது.

எண்ணைக் குறைக்கச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்? சொல்லை மாற்றுவார். இலக்கியம் படிப்பவர்களுக்கு இதன் விளைவு ஒருவேளை சிரிப்பூட்டலாம். கியோம் கபனக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் ஆகிய மூவர் 2021இல், அச்சான அறிவியல் கட்டுரைகளிலிருந்தே திரட்டி ‘சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்’ என்று ஒரு வகையை அடையாளம் காட்டினார்கள். மென்பொருளின் கண்ணுக்குத் தப்புவதற்காக, இன்னொரு மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச்சொல் போட்டதில் பிறந்தவை இவை. ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பது ‘பூசம் பெரில்’ ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சகப் பேரிடர்’ ஆன கதை. செயற்கை நுண்ணறிவு ‘போலிப் பிரக்ஞை’ ஆயிற்று. குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் கொடிக்கும் கூச்சலுக்கும் உள்ள விகிதமாயிற்று. ஆசிரியர் எழுதி, மதிப்பீட்டாளர்கள் ஒப்புதல் தந்து, பதிப்பாளர் விலை வைத்து விற்ற கட்டுரைகள் இவை. யாராவது ஒருவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

படிக்காமல் மேற்கோள் காட்டும் வழக்கத்தை மாணவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. காஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973இல் எழுதிய இயற்பியல் கட்டுரை ஒன்று உண்டு. அவர்கள் 2016இல் நோபல் பெற்ற ஆய்வுகளுள் அடங்குவது. அதை மேற்கோள் காட்டிய ஏறத்தாழ 4300 இடங்களை, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சிம்கினும் ராய்சௌதுரியும் ஆராய்ந்தார்கள். அவற்றில் 196 இடங்களில் தொகுதி, பக்கம், ஆண்டு என ஏதோவொரு அச்சுப்பிழை. ஆனால் அவற்றுள் வேறுவேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு பக்க எண் பிழை 78 முறை வந்திருந்தது. ஒரே தவற்றை 78 பேர் தனித்தனியே செய்திருக்க முடியாது. ஒருவர் பட்டியலிலிருந்து மற்றவர் எடுத்திருக்க வேண்டும். இதை வைத்து, மேற்கோள் காட்டுவோரில் ஐவரில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்று 2003இல் மதிப்பிட்டார்கள். நம் சுவடிப் பதிப்பாசிரியர்கள் படியெடுத்தவனின் பிழைகளை வைத்து எந்தச் சுவடி எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பார்களே, அதே உத்திதான்.

மேற்கோளை முறையாகக் காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆசாரம், நம் மரபில் அறிவு பொதுச்சொத்து என்று ஒரு வாதத்தை அவ்வப்போது கேட்கிறேன். இலக்கியக் கூட்டங்களிலும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இது ஒப்புதலில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தமக்குக் கிடைத்த இசை நாடக நூல்களைப் பெயர் சுட்டிச் சொல்லியிராவிட்டால், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்று ஒரு நூல் இருந்த செய்தியே நமக்குக் கிட்டியிருக்குமா? மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைத் தொகுத்தபோது, உரையாசிரியர்கள் விட்டுச்சென்ற இத்தகைய குறிப்புகள்தாமே அவருக்குக் கைகொடுத்தன? மறுபக்கமும் உண்டு. நச்சினார்க்கினியர் பல இடங்களில் இன்ன நூல் என்று சொல்லாமல் மேற்கோளை மட்டும் தந்து நகர்ந்துவிடுவார். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றுமுன் உ.வே. சாமிநாதையர் அந்த வரிகளின் இருப்பிடம் தேடி அலைந்த அலைச்சல், ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தேடல்தான் அவரைச் சங்க நூல்களின் பக்கம் இட்டுச்சென்றது என்பது நம் நல்லூழ். எல்லா மாணவருக்கும் பின்னால் ஒரு சாமிநாதையர் வரப்போவதில்லை.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது, அதை மதிக்கிறேன். நம் மாணவர் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதவேண்டியவர். செய்முறைப் பகுதியை எத்தனை விதமாகத்தான் எழுதமுடியும்? வெள்ளி நைட்ரேட்டை இத்தனை மில்லி நீரில் கரைத்து, இத்தனை பாகையில் கலக்கினேன் என்பதற்கு அழகிய மாற்றுநடை ஏதும் கிடையாது. முழுக்க உண்மை. அதனாலேயே சொல்கிறேன், செய்முறைப் பகுதியில் சொல் ஒத்துப்போவதைக் குற்றமாக்காதீர்கள். எவருடைய முறையைப் பின்பற்றினாரோ அவர் பெயரைச் சொல்லிவிட்டு, தான் எங்கே மாறுபட்டார் என்பதை உடைந்த ஆங்கிலத்திலேனும் எழுதட்டும். விழுக்காட்டு முறை இங்கேதான் நேர்மையானவரைத் தண்டிக்கிறது. கருத்தைத் திருடிச் சொல்லை மாற்றியவருக்கு 7 விழுக்காடு. தன் சோதனையைச் செய்து, பொதுச்சொற்களால் எழுதியவருக்கு 22. அவர் பதறிப்போய் ‘கலக்கினேன்’ என்ற சொல்லுக்கு அகராதியில் வேறு சொல் தேடுகிறார்.

நானும் உத்தமனில்லை. என்னுடைய முதுநிலை ஆய்வேட்டில் ஷெரரின் 1918ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோளாகக் காட்டியிருக்கிறேன். கோட்டிங்கனில் ஜெர்மன் மொழியில் வெளியானது. எனக்கு ஜெர்மன் தெரியாது. அந்த இதழ் எங்கள் நூலகத்தில் இருந்ததும் இல்லை. கல்லிட்டியின் எக்ஸ் கதிர்ப் பாடநூலைத்தான் படித்தேன். கல்லிட்டி வழியாக ஷெரர் என்று எழுதியிருக்க வேண்டும். பட்டியலில் ஒரு ஜெர்மன் கட்டுரை இருந்தால் மதிப்பு என்று நினைத்தேன். தேர்வாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே திருந்தியிருப்பேனோ என்னவோ.

இப்போது பட்டியலையே இயந்திரம் எழுதித் தருகிறது. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் அனைத்தும் பொருத்தமாக வைத்து. இது புதிதாகப் பிறந்த வாக்கியம் ஆகையால், பழையதோடு ஒப்பிடும் மென்பொருள் இதில் ஒன்றையும் காணாது. ஒப்புமை சுழியத்தை நோக்கி இறங்கும். விழுக்காட்டை நம்பியவர்கள் இனி எதைக் காட்டிச் சான்றிதழ் தருவார்கள் என்று பார்க்க ஆவலாயிருக்கிறேன்.

அந்த மாணவியின் ஏட்டில் ‘ஒத்துப்போகின்றன’ என்ற வாக்கியத்தை அவர் கையாலேயே அடித்து, ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொன்னேன். பைண்டிங் செய்த ஏட்டில் அடித்து எழுதலாமா என்று தயங்கி நெறியாளரைப் பார்த்தார். எழுதினார். வேறு எவருக்கும் அன்று நான் அவ்வளவு மதிப்பெண் போடவில்லை.

போகும்முன் துறைத்தலைவரிடம் ஒரு யோசனை சொன்னேன். அடுத்த ஆண்டு அந்தச் சான்றிதழ்ப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். 60 மேற்கோள் வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் தாம் முழுக்கப் படித்த மூன்று கட்டுரைகளைப் பென்சில் குறிப்புகளோடு தேர்வுக்குக் கொண்டுவரட்டும். எந்த இடத்தில் அக்கட்டுரையோடு தம் முடிவு முரண்படுகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்போம்.

“நல்ல யோசனைதான் சார்” என்றார். “ஆனா அதுக்கு கைடும் அந்த மூணு பேப்பரைப் படிச்சிருக்கணுமே.”

ஆமாம் என்றேன்.