கரடியின் காயம் யாருடையது?

கரடியாக உருமாறிய ஒருவன் வாள்வெட்டுப் பட்டால் அந்தக் காயம் கரடிக்கா, அவனுக்கா? எலியாக மாறிய ஒருவனை யாரேனும் மிதித்துவிட்டால் சாவது எலியா, மனிதனா? இவை வேலையற்றவர்களின் கேள்விகள் என்று இலக்கிய வட்டாரங்களில் சிரிக்கிறார்கள். கற்பனை விளையாட்டொன்றின் விதிநூலை வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் இரவெல்லாம் வழக்காடுவதைக் காட்டிலும் அபத்தம் வேறென்ன இருக்க முடியும் என்கிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் இக்கட்டுரை அவர்களை நோக்கி மட்டும் எழுதப்படுவதன்று. அதே கேள்விகளை விதிநூலிலிருந்தே துடைத்தெடுத்துவிட்டு, அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டுவோரையும் நோக்கி எழுதப்படுவது. சொல்லப்போனால் இரண்டாமவரிடமே நமக்கு வழக்கு அதிகம்.

விளையாட்டை அறியாதவர்க்குச் சில சொற்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவர். ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையுலகை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்துவர். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் பகடை உருளும். பாத்திரத்தின் உயிர் ஓர் எண்ணால் அளக்கப்படும். அதனை உயிர்ப்புள்ளி என்போம். அடிபடுந்தோறும் அது குறையும். அப்பாத்திர வகைகளுள் ஒன்று ட்ரூயிட்: காட்டின் பூசாரி, விலங்குருக் கொள்ள வல்லவன். ஆடுவோர் ஏற்கத்தக்க வகையாக 1976-இல் இது சேர்ந்தது.

வரலாற்றில் வாழ்ந்த ட்ரூயிட்டுகளுக்கு இந்த ஆற்றலைச் சீசர் தரவில்லை. கால் நாட்டுப் போரைப் பற்றிய தன் நூலின் ஆறாம் பகுதியில், அவர்களுள் சிலர் இருபதாண்டுகள் வரை பாடல்களை மனனம் செய்தனர் என்றும், தம் கல்வியை எழுத்தில் இடுவதை முறையன்று எனக் கருதினர் என்றும் அவன் சொல்கிறான். உருமாற்றம் பற்றி ஒரு சொல் இல்லை. எழுத்தை விலக்கியவர்களின் பெயரால் இத்தனை அச்சுப் பக்கங்கள் பெருகியது வேடிக்கைதான். உருமாற்றத்துக்கு வேல்ஸ், அயர்லாந்து நாட்டுக் கதைகளிடம் போக வேண்டும், பின்னர்ப் போவோம்.

1978-இன் விதிநூலில் ட்ரூயிட் 7-ஆம் நிலையில் உருமாறினான். ஊர்வன ஒன்று, பறவை ஒன்று, பாலூட்டி ஒன்று என நாளுக்கு மூன்று உருக்கள். ஒவ்வொரு வகையும் ஒருமுறைதான். பருமனில் தவளை முதல் கருங்கரடி வரை. மனம் தவிர மற்றெல்லாவற்றிலும் அவன் அவ்விலங்கே என்பது அன்றைய நிலைப்பாடு. மாறும்போது பட்ட காயத்தில் 10 முதல் 60 விழுக்காடு வரை ஆறும். சிக்கனமான விதி, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம். 2000-க்குப் பிந்தைய மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் எண்ணித் தீர்க்கப் புறப்பட்டது. விலங்கின் வலிமை, விரைவு, உடலுறுதி ஆகியன அப்படியே ட்ரூயிட்டுக்கு வந்தமையால், ஆடுவோர் நோஞ்சான் ட்ரூயிட்டுகளைப் படைத்துக் கரடியாகவே வாழவிட்டனர். கரடி வாயால் மந்திரம் சொல்லும் சலுகையும் சேர்ந்தபோது வாளேந்திய தோழனுக்குக் கூட்டத்தில் வேலையில்லாமற் போயிற்று. 2009-இல் ஊசல் மறுபக்கம் ஆடியது: உருமாறினாலும் உடலின் எண்கள் எவையும் மாறா. அதனைப் பற்றி மேலும் சொல்ல ஏதுமில்லை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பே நம் வழக்கின் மையம். அதன்படி 2-ஆம் நிலையிலேயே உருமாற்றம் கைவரும். மாறியதும் விலங்கின் உயிர்ப்புள்ளிகளே ட்ரூயிட்டுக்கு. எலிக்கு 1, சவாரிக் குதிரைக்கு 13, பழுப்புக் கரடிக்கு 34. அவை தீர்ந்ததும் விலங்குடல் கழன்று, மாறுமுன் தனக்கிருந்த உயிர்ப்புள்ளிகளோடு மனிதன் வெளிப்படுவான். கரடிக்கு 7 எஞ்சியிருக்கையில் 12 புள்ளி அடி விழுந்தால் மிச்சமுள்ள 5 மனிதன்மேல் விழும். அறிவு அவனுடையது, வாயும் கையும் விலங்கினுடையவை. ஆகவே மிக உயர்ந்த நிலையை எய்தும்வரை புதிதாக மந்திரம் சொல்ல இயலாது. முன்னமே சொன்ன மந்திரத்தில் மனத்தை நிறுத்தியிருக்கலாம், அவ்வளவே.

எல்லாவற்றினும் மேலாக ஒரு நிபந்தனை இருந்தது. ட்ரூயிட் தான் முன்பு கண்டிருக்கும் விலங்காக மட்டுமே மாற முடியும்.

இந்த ஒரு வரியின் செல்வத்தைப் பாருங்கள். பனிநாட்டில் பிறந்தவன் முதலையாக விரும்பினால், நடத்துபவர் ‘எங்கே கண்டாய்?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல இயலாது. கதையால்தான் சொல்ல இயலும். செத்த முதலையைக் கண்டது போதுமா? தோலை மட்டும் கண்டிருந்தால்? சுவரோவியத்தில்? தொலைவைக் காட்டும் மந்திரத்தின் வழியே? அளவை நூல்களைப் படித்தவர்க்கு இது புதிய இடமன்று. காட்சி அளவை எங்கே முடிகிறது, கருதல் எங்கே தொடங்குகிறது என்னும் பழைய வழக்கு, பகடைகளுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவே புதிதாக நடக்கிறது. இதையா வேலையற்றவர்களின் பேச்சு என்பது?

2023-இல் வெளிவந்த திரைப்படத்தில் டோரிக் என்னும் ட்ரூயிட் பெண் ஆந்தைக்கரடியாக மாறினாள். ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட அது விதிநூலின் பாகுபாட்டில் ‘விலங்கு’ அன்று, ‘விபரீத உயிர்’. ஆகவே அவள் அவ்வாறு மாற முடியாது என்று ஆடுவோர் கொதித்தெழுந்தனர். நகைப்புக்குரிய கொதிப்பென்று தோன்றலாம். ஆனால் விலங்கு என்றால் என்ன, இயற்கையின் பூசாரிக்கு இயற்கை எதுவரை என்பதே அங்குக் கேட்கப்பட்டது. உயர்திணை எது, அஃறிணை எது என்னும் ஒரு நூற்பாவுக்கு இளம்பூரணர் முதல் தெய்வச்சிலையார் வரை உரை கண்டிருப்பதை வகுப்பில் வியந்து சொல்லும் நம்மவர்கள், அதே ஊக்கத்தை வேறொரு மேசையில் கண்டால் முகம் சுளிப்பது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. நூற்பாவின் தகுதி வேறு, விளையாட்டு விதியின் தகுதி வேறு என்பது தெரியாமல் சொல்லவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உலகம் எவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என்று கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றே.

இனி இரண்டாமவரிடம் வருவோம். 2024-இல் திருத்தி வெளியிட்ட விதிநூலில் உருமாறும் ட்ரூயிட் தன் உயிர்ப்புள்ளிகளையே வைத்துக்கொள்கிறான். கூடவே தன் நிலைக்குச் சமமான தற்காலிகப் புள்ளிகள் கிட்டும். உருமாற்றத்தில் சிறந்த திங்கள் வட்டத்தாருக்கு அதில் மும்மடங்கு. தொடக்கத்தில் நான்கு உருக்களைத் தேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். எலி, சவாரிக் குதிரை, சிலந்தி, ஓநாய் என்னும் நான்கையும் நூலே பரிந்துரைக்கிறது. நீண்ட ஓய்வு முடியுந்தோறும் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். கண்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை போய்விட்டது. உலோகக் கவசம் அணியாமை என்னும் பழைய விலக்கும் உடன் போயிற்று. (அணிந்தால் என்னாகும் என்று முன்பு கேட்டவர்களுக்கு, ட்ரூயிட் வெடித்துவிடுவான் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அது இயலாமையன்று, அவர்தம் மரபு விலக்கு என்று வெளியீட்டாளர்கள் விளக்கியிருந்தனர். விலக்கு என்ற ஒன்று இருந்தால்தானே மீறலும் இருக்கும்!)

இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். சிலந்தியாக மாறிய ட்ரூயிட் சிறைக் கதவின் அடியில் ஊர்கிறான். காவலன் கண்டு மிதித்துவிடுகிறான். காலும் தவறாமல் படுகிறது. 2014-இன் விதிப்படி சிலந்திக்கு உயிர்ப்புள்ளி ஒன்றுதான். சிலந்தி அழிகிறது, காவலனின் காலடியில் முழு மனிதன் ஒருவன் மூச்சுவாங்கக் கிடக்கிறான், கதை அங்கே திரும்புகிறது. 2024-இன் விதிப்படி, 15 உயிர்ப்புள்ளியுள்ள 2-ஆம் நிலை ட்ரூயிட் 2 தற்காலிகப் புள்ளிகளோடு சிலந்தியாகிறான். மிதிக்கு மூன்று புள்ளி போனால் பதினான்கு மிச்சம். சிலந்தி நசுங்கவில்லை, தொடர்ந்து ஊர்கிறது. அவனே குதிரையாக மாறியிருந்தாலும் அதே பதினேழு, எலியாக மாறியிருந்தாலும் அதே பதினேழு. எலியின் உயிரும் குதிரையின் உயிரும் ஒரே எடை என்றால், மாறியது என்ன?

எதிர்த்தரப்பின் வாதங்களை நாம் அறியாமலில்லை. சமநிலை என்பது முதல் வாதம். 2014-இல் திங்கள் வட்டத்து ட்ரூயிட் 2-ஆம் நிலையிலேயே பழுப்புக் கரடியாகலாம். ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே இருமுறை ஆகலாம். 34-உம் 34-உம் 68. உடலுறுதிக் கூடுதல் இல்லாத மனித உடலுக்கோ 13. இருபதாம் நிலையில் கணக்கின்றி உருமாறலாம் என்பதால் அவனைக் கொல்வதே அரிதாயிற்று. மெய்தான். ஆனால் இது கரடியை எத்தனை விரைவில் தருவது என்னும் பிழை. அதனைத் திருத்த, கரடியைச் சில நிலைகள் தள்ளிவைத்திருக்கலாம். கரடியின் உடலையே பறித்திருக்க வேண்டியதில்லை. ஆடுவோர் நூலைப் புரட்டிப் புரட்டிப் பொழுது போக்குகிறார்கள் என்பது இரண்டாம் வாதம். அதற்குப் பட்டியலை முன்னமே எழுதி வரச் சொன்னால் போதும். அந்த ஏற்பாட்டை நாம் எதிர்க்கவில்லை.

மூன்றாம் வாதம் கூர்மையானது, மதிக்கத்தக்கது. பழைய விதியில் கரடியின் உடல் ஒரு கேடயம், வலி மனிதனைத் தொடவேயில்லை. புதிய விதியிலோ கரடி பட்ட காயம் அவன் காயமே. ஓநாயின் பாதம் வெட்டுண்டால் மறுநாள் காலையில் ஊரில் ஒருத்தி கையிழந்து நிற்கும் ஐரோப்பியக் கதைகளோடு புதிய விதியே பொருந்துகிறது என்கிறார்கள். காயம் கடந்து செல்ல வேண்டும் என்பதை ஒப்புகிறோம். மிஞ்சிய அடி மனிதன்மேல் விழும் என்ற 2014-இன் விதி அதைத்தான் செய்தது. போதாதெனில் இன்னும் கடுமையாக்கலாம். ஆனால் அக்கதைகளில் வெட்டுண்டது ஓநாயின் பாதம். ஓநாய்க்கு வெட்டக்கூடிய பாதம் இருந்தது. வேல்ஸ் நாட்டுத் தலியேசின் கதையில் செரிட்வென் துரத்த, க்வியோன் முயலாகிறான். அவள் வேட்டைநாய் ஆகிறாள். அவன் மீனாக அவள் நீர்நாய், அவன் பறவையாக அவள் பருந்து. இறுதியில் அவன் கோதுமை மணியாகிக் களத்தில் ஒளிய, அவள் கோழியாகிப் பொறுக்கித் தின்றுவிடுகிறாள். மணி என்பதால்தான் தின்ன முடிந்தது. பதினேழு உயிர்ப்புள்ளியுள்ள கோதுமை மணியை எந்தக் கோழி விழுங்கும்?

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஆயத்தமாகவே உள்ளன. கூடு விட்டுக் கூடு பாய்தல் ஒன்று. வேடம் புனைதல் மற்றொன்று. கூட்டுக்குத் தன் வலிவும் நைவும் உண்டு. புகுந்தவன் அவற்றுக்குக் கட்டுப்படுவான். வேடத்துக்கு அவை இல்லை; உள்ளிருப்பவன் எப்போதும் அவனே. 2014-இன் விதி குறைகளோடு கூடு கட்டித் தந்தது. 2024-இன் விதி தையற்காரனைக் கூட்டி வந்திருக்கிறது. நிலம், நீர், வான் என மூன்றே பொது அச்சுகளில் எல்லா விலங்குகளையும் அடைக்கும் வரைவொன்றை 2023-இல் வெளியீட்டாளர்கள் சோதனைக்கு விட்டபோது ஆடுவோர் மறுத்தனர், வரைவு கைவிடப்பட்டது. வாசலில் மறுத்ததைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. அன்று கொதித்தவர்கள் இன்று சமநிலை என்னும் சொல்லைக் கேட்டு அமைதியாக இருக்கிறார்கள்.

விதிநூல் மேசைக்கு மேலானதன்று. அதில் இல்லாததைச் சேர்க்க நடத்துபவருக்கு உரிமை உண்டென்பதை இவ்விளையாட்டு என்றும் மறுத்ததில்லை. ஆகவே வெளியீட்டாளரின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எலிக்கு எலியின் உயிரைத் திரும்பக் கொடுங்கள். பழுப்புக் கரடியை 5-ஆம் நிலைக்குத் தள்ளிவையுங்கள். பட்டியலில் முதலையை எழுதி வருபவரிடம், பகடையைக் கையில் எடுக்குமுன், எங்கே கண்டாய் என்று கேளுங்கள்.