தொழ இடமுண்டு, வேலை மாற வழியில்லை

மலேசியாவின் கேமரன் மலையில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்கள் ‘இந்த நாட்டு வாழ்க்கைக்கு ஒத்துப்போகிறவர்கள் இல்லை’ என்று ஒரு பேச்சு உண்டு. பேசுகிறவர்கள் ஓய்வு நாளில் தானா ராத்தா கடைத்தெருப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். மாமாக் கடையில் ‘தே ஓ’ சொல்லி உட்காருகிறார்கள். சீனர் கடையில் மலாயில் பேரம் பேசுகிறார்கள். தோட்டத்துத் தமிழ் மண்டோரின் திட்டும் அவர்களுக்குப் புரிகிறது! இதற்குமேல் என்ன ஒத்துப்போக வேண்டும்?

முஸ்லிம்களான அவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. லண்டனில் இறங்கும் வங்காளதேசத்துச் சில்ஹெட்காரர் ஹலால் கடையைத் தேட வேண்டும். இங்கே தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்மாவில் மலாய்க்காரரோடு தோள் உரச ஒரே வரிசையில் நிற்கலாம். ஆனால் அந்தச் சமத்துவம் பள்ளிவாசல் படியோடு சரி. தற்காலிக பெர்மிட்டில் வந்தவர் இங்கே திருமணம் செய்யக்கூடாது, மனைவி மக்களை அழைத்துவரக் கூடாது. பெர்மிட்டில் உள்ள முதலாளியை விட்டு ஓடினால் அன்றே அவர் சட்டவிரோதக் குடியேறி.

இது நமக்குத் தெரியாத கதையா? 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் நம்மவர்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கும் பெர்மிட் கட்டாயமானது. அது கிடைக்காமல் பல்லாயிரம் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். அவர்களுடைய உறவினர்களான நாம் இன்று ‘பங்களாக்காரன் பிழைப்பைக் கெடுத்துவிட்டான்’ என்பது அழகல்ல.

மலிவான ஆள் கிடைப்பதால்தான் தோட்டச் சம்பளம் ஏறவில்லை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆள் ஏன் மலிவு? ஏஜென்டுக்குக் கட்டிய பணம் கடனாக ஊரில் நிற்கிறது; இங்கே வேலையை விட்டு விலக வழியில்லை. விலக முடிந்தால் முதலாளி அவருக்கும் கூட்டிக் கொடுத்தாக வேண்டும், உள்ளூர்க்காரருக்கும் கூட்டிக் கொடுத்தாக வேண்டும். அவரைத் திட்டுவதால் நம் சம்பளம் ஐந்து காசுகூட ஏறாது.

ஏஜென்டுகளின் ஆட்டம் எப்படிப்பட்டது என்பதை 2024 மே 31 காட்டியது. வேலைக்கு எடுக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மலேசியாவுக்குள் வர அன்றே கடைசி நாள். பணம் கட்டி, விசா வாங்கியும் விமானம் ஏற முடியாமல் டாக்காவில் பல ஆயிரம் பேர் நின்றார்கள்.

1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவர் கடப்பிதழை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று அதை வாங்கிப் பூட்டி வைக்கும் முதலாளிகள் மீது வழக்குப் போட வேண்டும். முதலாளியின் சம்மதம் கேட்காமலே அதே துறையில் வேறு தோட்டத்துக்கு மாறும் உரிமையைப் பெர்மிட்டிலேயே எழுத வேண்டும். மனிதவள அமைச்சும் உள்துறை அமைச்சும் இனியும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நம் தொழிற்சங்கங்களும் இந்தக் கோரிக்கையை வங்காளதேசத் தொழிலாளியின் பெயரைச் சொல்லியே எழுப்ப வேண்டும்.