இரண்டு டிக்கெட்டுக்கு நடுவில் யாரும் இல்லை

சிங்கப்பூர் கப்பல் பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்டு வந்தேன். காரணம் இதுதான். அது நாங்கள் நாலு பேர் போக வேண்டிய பயணம். போனது இரண்டு பேர்.

போன டிசம்பரில், அதாவது 2025 டிசம்பர் முதல் வாரத்தில், இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். விமானிகளின் ஓய்வு நேரத்துக்கு வந்த புது விதிகளுக்கு ஏற்ப ஆள் இல்லை என்றார்கள். ஏர்போர்ட் தரையில் பெட்டி மேல் தலைவைத்துப் படுத்திருந்த வயசானவர்களைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி டி.வி.யை அணைத்துவிட்டாள். "எனக்கு வாலாஜாபாத் ஞாபகம் வருது" என்றாள். அன்றைக்குத்தான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாலாஜாபாத் என்றால் என் சகலை வீடு. அவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ரிடையரானவர். நான் ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். 2024 நவம்பரில் எங்கள் கல்யாண நாளுக்காக என் பையன் நாலு ராத்திரி கப்பல் பயணம் போட்டுக் கொடுத்தான். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப சிங்கப்பூர். சகலையும் கொழுந்தியாளும் தங்கள் பணத்தில் கூட வருவதாகச் சொன்னார்கள். ரிடையரானபோது வந்த பணத்தில் மிச்சம் வைத்திருந்தது. கப்பலுக்கு மட்டும் இரண்டு பேருக்கு லட்சத்தைத் தாண்டியது.

எங்கள் விமானம் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி 12.50-க்குச் சென்னையில் ஏறி, காலை 7.40-க்குச் சிங்கப்பூரில் இறங்குவது. கப்பலுக்கு ஒன்பது மணி நேரம் கையில் இருந்தது. டிக்கெட் எடுத்தது ஜூலையில். செப்டம்பரில் விமானக் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது: புறப்படும் நேரம் காலை 10.10, சேரும் நேரம் மாலை 5. கீழே பச்சையாக ஒரு பட்டன், "ஏற்கிறேன்".

மாலை 5 மணிக்கு நாங்கள் விமானத்திலிருந்து இறங்குவோம். அதே 5 மணிக்குக் கப்பல் கயிற்றை அவிழ்க்கும்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. 1979-இல் குளத்துக்குள் போன அத்திவரதர், நாற்பது வருஷம் கழித்து 2019 ஜூலை 1 அன்று சரியாக வெளியே வந்து 48 நாள் தரிசனம் கொடுத்தார். கருட சேவைக்குப் பெருமாள் விடியற்காலையில் கோபுரவாசல் வரும் நேரத்தை வைத்துப் பால்காரர் கடிகாரம் திருத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த டிக்கெட்டில் அச்சான நேரம் ஒரு உத்தேசம்தான் என்றால் மனசு ஒப்பவில்லை.

ஆனால் அது உத்தேசம்தான். அதற்குக் காரணமும் உண்டு. விமானக் கம்பெனிகளுக்கு வருஷத்தில் இரண்டு கால அட்டவணை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்காலம். டிக்கெட்டையோ பத்துப் பதினோரு மாசம் முன்னாலேயே விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜூலையில் நவம்பர் டிக்கெட் வாங்கினால், இன்னும் முடிவாகாத அட்டவணையில் வாங்குகிறோம் என்று அர்த்தம். பிறகு விமான நிலையங்களில் இடம் கிடைக்கிற நேரத்தைப் பொறுத்து, இருக்கிற விமானங்களைப் பொறுத்து, மாற்றுவார்கள். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் நம் விமானங்களுக்கு வான்வழியை மூடியதுபோல ஏதாவது நடந்தால் இன்னும் மாறும். கப்பல் பயணம் போகிறவர்கள் சீக்கிரம் புக் செய்கிறவர்கள். அதனால் இந்த மாற்றம் அதிகம் மாட்டுவதும் அவர்களுக்குத்தான்.

பச்சைப் பட்டனை அழுத்தப் போனேன். இல்லாவிட்டால் டிக்கெட் கேன்சலாகிவிடுமோ என்ற பயம். "ஏங்க, பையன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்று இவள் கையைப் பிடித்ததால் தப்பித்தேன். அவன் சொன்னது: "அப்பா, அதை அழுத்தினா நீங்களே சம்மதிச்ச மாதிரி. அப்புறம் இலவசமா மாத்தித் தர மாட்டாங்க." போனில் நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் பேசியது. ஞாயிறு விமானத்துக்குப் பதில் சனிக்கிழமை பகல் விமானம் கொடுங்கள் என்று கேட்டோம். பணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தது. மாற்றம் அவர்களுடையதாக இருக்கும்போது, எது வேண்டும் என்று விமான எண்ணோடு நாம் சொன்னால் காரியம் சீக்கிரம் ஆகிறது. "ஏதாவது பண்ணுங்க" என்றால் அவர்களுக்கு வசதியானதைப் பண்ணுவார்கள்.

சகலை வேறு வழி பார்த்திருந்தார். பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு 11 மணி விமானத்தில் டிக்கெட் மலிவு. சென்னை–பெங்களூருக்குத் தனியாக வேறு கம்பெனியில் மாலை 6.15 விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட். அக்டோபரில் முதல் விமானத்தை 8.55-க்கு மாற்றி மெயில் வந்தது. பெங்களூர் சேருவது 10 மணி. "ரெண்டு மணி நாற்பது நிமிஷம்தானே மாமா, அப்பவும் ஒரு மணி நேரம் இருக்கே" என்றாள் கொழுந்தியாள். பச்சைப் பட்டனை அழுத்திவிட்டார்கள்.

நான் சொல்லத்தான் செய்தேன், எங்களோடு சனிக்கிழமை பகலிலேயே வந்துவிடுங்கள் என்று. "ஹோட்டலுக்குப் பன்னிரண்டாயிரம் எதுக்கு சகலை, ஒரு ராத்திரி படுக்கிறதுக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அவர் பணம், அவர் கணக்கு, கணக்கு எழுதியே பழுத்தவர் என்று நினைத்தேன். ஆர்.எம்.எஸ்.ஸில் 38 வருஷம் இருந்தவன் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்ததும் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

ஏன் என்றால் எங்கள் தொழிலே கனெக்‌ஷன்தான். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு கடிதம் பிரிப்பது பாதி வேலை. இந்தப் பை எந்த ஸ்டேஷனில் எந்த ரயிலுக்கு மாற வேண்டும், அந்த ரயில் எத்தனை மணிக்கு என்று தலைக்குள் வைத்திருப்பது மீதி. ரயில் லேட்டாகிப் பை கனெக்‌ஷனைத் தவறவிட்டால் அதற்கு ஒரு முறை இருந்தது. யாரிடமிருந்து வாங்கினோம், யாரிடம் கொடுத்தோம், ஏன் தாமதம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பை அடுத்த ரயிலில் போகும். எந்த நிமிஷத்திலும் அந்தக் கோணிப் பைக்கு ஒரு பொறுப்பாளி இருந்தான்.

பழைய சார்ட்டர்கள் போட் மெயில் கதை சொல்வார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பு. ரயில், கப்பல், ரயில் எல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். ரயில் வரும் நேரத்தை ஒட்டிக் கப்பல் நேரம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது, அதோடு அந்த வழியும் போனது. அந்த ஏற்பாட்டில் பயணிக்குக் கிடைத்த பெரிய வசதி வேகம் இல்லை. நடுவில் இருக்கும் இணைப்பு அவன் தலைமேல் விழவில்லை, அதுதான்.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், கோர்வைப் புடவை மாதிரி. உடலும் கரையும் வேறு வேறு நிறம், தனித்தனி நாடா. ஆனால் ஒரே தறியில் இழைக்கு இழை கோத்து நெய்கிறார்கள், அதனால் பிரியாது. தனித்தனியாக வாங்கிய விமான டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் மடித்து வைத்த இரண்டு துணி.

சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்குப் பெங்களூரில் இறங்கினார்கள். வெளிநாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பெட்டி வருவதற்குள்ளேயே மூடியாயிற்று. மறுநாள் விமானத்தில் போனாலும் கப்பல் கிளம்பின பிறகுதான் சேர முடியும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்று மத்தியானம் வாலாஜாபாத்தில் ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தால்கூட நேரத்துக்குப் பெங்களூர் ஏர்போர்ட் போயிருக்கலாம்.

பிறகு அவர் ஒவ்வொருவரையும் கேட்டார். முதல் கம்பெனி: "உங்களைப் பெங்களூரில் சேர்த்துவிட்டோமே, மாற்றத்துக்கு நீங்கள் சம்மதித்திருக்கிறீர்களே." இரண்டாவது கம்பெனி: "எங்கள் விமானம் சரியான நேரத்துக்குப் போனது, நீங்கள்தான் வரவில்லை." கப்பல் கம்பெனி: "கப்பல் சரியான நேரத்துக்குக் கிளம்பியது." இன்சூரன்ஸ்: "முன்கூட்டித் தெரிவித்த நேர மாற்றம் எங்கள் பாலிசியில் வராது." பினாங்கில் வந்து ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அதற்குத் தனி அனுமதி வேண்டும், திங்கட்கிழமை பேசுங்கள் என்று பதில். எல்லோரும் நேரத்துக்கு நடந்துகொண்டார்கள், ஒருத்தர் மேலும் தப்பில்லை. என் சகலையும் கொழுந்தியாளும் முறுக்கு டப்பாவோடு விடியற்கால பஸ் ஏறி ஊர் திரும்பினார்கள்.

அரசாங்க விதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் டி.ஜி.சி.ஏ. விதிப்படி, விமானத்தை ரத்து செய்தால் இரண்டு வாரம் முன்பே சொல்லி, மாற்று விமானமோ முழுப் பணமோ கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அதற்கு மேல் நஷ்ட ஈடு இல்லை. அமெரிக்காவில் 2024-இல் ஒரு வரையறை வைத்தார்கள். உள்நாட்டில் 3 மணி நேரம், வெளிநாட்டுக்கு 6 மணி நேரம் மாறினால் அது பெரிய மாற்றம், பயணி வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நல்லதுதான். ஆனால் சகலைக்கு மாறியது இரண்டு மணி நாற்பது நிமிஷம். அந்த அளவுகோலில் அது சின்ன மாற்றம்தான். விதி மணியை எண்ணுகிறது, மணிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. தாமதமாகப் போனால் கல்யாணத்தில் சாப்பாடாவது கிடைக்கும். கப்பலுக்கு அரை மணி லேட் என்பதும் அரை நாள் லேட் என்பதும் ஒன்றுதான். கப்பலைக் குறை சொல்லவும் முடியாது. துறைமுகத்தில் இடம், வழிகாட்டும் பைலட், அடுத்த துறைமுகத்தில் இடம் எல்லாம் நேரம் குறித்து வாங்கியது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்கள். இரண்டு பேருக்காக நிற்காது. அதிலும் டிக்கெட்டில் 5 மணி என்று இருந்தாலும், எங்களுக்கு செக்-இன் 3.30-க்கே முடிந்துவிட்டது.

அதனால் என் கட்சி இது. கப்பலுக்குப் போகிறவன் ஒரு முழு நாள் முன்னதாகத் துறைமுக ஊரில் இருக்க வேண்டும். அந்த ராத்திரி ஹோட்டல் வாடகையைச் செலவு என்று எழுதக் கூடாது, கப்பல் டிக்கெட்டின் விலையிலேயே சேர்க்க வேண்டும். அது கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தப் பயணமே கட்டுப்படியாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுமையாகத் தோன்றலாம். சகலை மிச்சம் பிடித்தது பன்னிரண்டாயிரம்.

இன்னொன்று விற்கிறவர்களுக்கு. விமானமும் கப்பலும் சேர்த்துப் "பேக்கேஜ்" என்று நோட்டீஸ் அடித்து விற்கும் டிராவல்ஸ்காரர்கள் இப்போது நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மேல்நாட்டில் சில கப்பல் கம்பெனிகள் விமான டிக்கெட்டையும் தாங்களே விற்று, விமானம் தாமதமானால் அடுத்த துறைமுகத்திலாவது கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஏற்கின்றன. நம் ஆட்களிடம் கேளுங்கள்: விமான நேரம் மாறினால் யார் பொறுப்பு? எழுதிக் கொடுப்பாரா? சிரித்துக்கொண்டே "அதெல்லாம் மாறாது சார்" என்றால் அது பேக்கேஜ் இல்லை, இரண்டு டிக்கெட்டை ஒரே கவரில் போட்டது.

அந்த முன்கூட்டிய சனிக்கிழமை வீணாகவும் போகவில்லை. சிராங்கூன் ரோட்டில் தங்கினோம். ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் சாயங்கால தரிசனம், தேக்கா மார்க்கெட்டில் தோசை. காலையில் மெதுவாக எழுந்து டாக்ஸி பிடித்தோம். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு, மரினா பே, ஹார்பர்ஃப்ரண்ட். எது என்று டிரைவரிடம் சரியாகச் சொல்லுங்கள். கப்பல் திரும்ப சிங்கப்பூருக்கே வருவதால் விசாவில் பல முறை நுழையலாம் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் எங்களுக்கு நாலு பேர் மேஜை ஒதுக்கியிருந்தார்கள். முதல் ராத்திரி பரிமாறுகிற பையன் நாலு தட்டும் வைத்துவிட்டு, மற்ற இருவரும் வருவார்களா என்று கேட்டான். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து இரண்டு பேர் மேஜைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினோம். பினாங்கும் புக்கெட்டும் அழகுதான். இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

பரந்தூரில் ஏர்போர்ட் வந்துவிட்டால் நமக்குப் பக்கம், இந்தக் கஷ்டமெல்லாம் இருக்காது என்று போன மாசம் ஒருவர் என்னிடம் சொன்னார். ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் ஏரியும் வயலும் போகிறதே என்று 2022-இலிருந்து போராடுவது வேறு விஷயம், அதைப் பற்றி எனக்குத் தனியாகச் சொல்ல இருக்கிறது. ஏர்போர்ட் பக்கத்தில் வந்தால் பஸ் செலவு குறையும். பச்சைப் பட்டன் மாறாது.

பொங்கலுக்கு வந்த சகலை, சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022-இல் ஒரு கப்பல் விட்டார்களே, அது மறுபடி எப்போது என்று விசாரிக்கச் சொன்னார். விமானமே வேண்டாம், நேராகப் போய் ஏறிவிடலாம் என்றார். சந்தோஷமாக இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம் சகலை என்று கேட்டேன்.

"முந்தின நாள் மத்தியானம்" என்றார், சிரிக்காமல்.