முதலாட்டமும் எமது எதிர்பார்ப்பும்

ஒரு கல்லூரியின் வாழ்விலே வகுப்பறைக்கும் வழிபாட்டு மண்டபத்துக்கும் அடுத்தபடியாகப் பழைய மாணவரின் உள்ளத்தைப் பிணித்து வைத்திருப்பது விளையாட்டு மைதானமேயாம். கற்ற பாடங்களிற் பல காலப்போக்கிலே மறந்துபோகின்றன. ஆயினும், தாம் கற்ற காலத்திலே கல்லூரியின் உதைபந்தாட்டக் குழுவில் எவரெவர் எவ்விடத்தில் நின்று ஆடினர், எந்தக் கல்லூரியை எத்தனை கோல்களால் வென்றனர் என்பவற்றை மறந்த பழைய மாணவரைக் காண்டல் அரிது. ஆகவே, உதைபந்தாட்டப் பருவத்தின் முதலாட்டம் அண்மிக்குந்தோறும் எம்மவரிடையே ஒருவகைப் பரபரப்பு எழுதல் இயல்பே. தேநீர்க் கடையிலும், கோயில் வீதியிலும், கொழும்பிலுள்ள அலுவலகங்களிலும், இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய தூர நகரங்களிலும், "இம்முறை எமது குழு எப்படி?" என்னும் வினாவே எழுந்துகொண்டிருக்கும்.

இவ்வார்வம் போற்றற்குரியது. பழைய மாணவர் பாராமுகமாயிருக்கும் கல்லூரியிலே விளையாட்டு நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஆனால், ஆர்வம் வேறு, தீர்ப்பு வேறு. பருவத்தின் முதலாட்டத்தை ஒரு தீர்ப்பு நாளாகக் கருதி, அன்று வென்றால் பிள்ளைகளைத் தோளிலே சுமப்பதும், தோற்றால் வாயில் வந்தவாறெல்லாம் வைவதும் எம்மிடையே வழக்கமாகி வருதலைக் காண்கின்றோம். இவ்வழக்கம் குழுவுக்குந் தீங்கு, கல்லூரிக்குந் தீங்கு. முதலாட்டத்திலே நாம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்த்தல் தகாது என்பதைச் சற்று ஆராய்தல் இவ்விழா மலருக்குப் பொருந்துமென எண்ணுகின்றோம்.

"முதற்கோணல் முற்றுங் கோணல்" என்பது எம்மவர் வாயிலே அடிக்கடி வரும் பழமொழி. முதலாட்டத்திலே குழு தோற்றதும் மைதானத்து வேலியோரத்திலே நிற்பவர் சொல்லும் முதல் வார்த்தையும் இதுவே. இப்பழமொழி வீடு கட்டும் மேசனுக்குப் பொருந்தும். அத்திவாரங் கோணினாற் சுவருங் கோணும். கல்லுஞ் சீமெந்தும் தம் பிழையைத் தாமே உணர்ந்து திருந்தமாட்டா. விளையாட்டுக் குழுவோ உயிரும் உணர்வும் உடையது. நேற்றைய பிழையை இன்று உணர்ந்து நாளை திருத்த வல்லது. ஆதலின், இப்பழமொழியைக் குழுவின் தலையிலே சுமத்துதல் பொருந்தாது.

உலகக் கிண்ண வரலாறே இதற்குச் சான்று பகரும். 1990ஆம் ஆண்டு யூன் 8ஆந் திகதி மிலான் நகரில் நடைபெற்ற தொடக்க ஆட்டத்திலே, கிண்ணத்தைக் கைவசம் வைத்திருந்த ஆர்ஜென்ரீனா, கமரூனிடம் 1-0 எனத் தோற்றது. கமரூன் வீரர் இருவர் வெளியேற்றப்பட்டு ஒன்பதின்மரே எஞ்சிய நிலையிலும் இத்தோல்வி நேர்ந்தது. ஆயினும் அதே ஆர்ஜென்ரீனா இறுதியாட்டம்வரை சென்றது. 2010ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலே ஸ்பெயின் தன் முதலாட்டத்திற் சுவிற்சர்லாந்திடம் 1-0 எனத் தோற்றது. அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தை வென்றதும் ஸ்பெயினே. 2022ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி, அதற்கு முன்னர் 36 ஆட்டங்களிலே தோல்வி காணாதிருந்த ஆர்ஜென்ரீனா, கட்டாரிற் சவூதி அரேபியாவிடம் 2-1 எனத் தோற்றது. அன்று அந்நாட்டு மக்கள் அடைந்த ஏமாற்றம் சொல்லுந்தரத்ததன்று. பயிற்றுநரோ, அடுத்த ஆட்டத்திற்கு ஐவரை மாற்றிக் குழுவை அமைத்தார். மெக்சிக்கோவை 2-0 என வென்ற அக்குழு, டிசெம்பர் 18ஆந் திகதி கிண்ணத்தையும் வென்றது.

மறுபுறத்தையும் நோக்குவோம். அதே 2022ஆம் ஆண்டிலே ஸ்பெயின் தன் முதலாட்டத்திற் கொஸ்தா ரிக்காவை 7-0 என வென்றது. இதனினுஞ் சிறந்த தொடக்கம் வேறென்ன வேண்டும்? ஆயினும் இரு வாரங்கள் கழியுமுன் மொறொக்கோவிடம் தண்டனை உதைகளில் வீழ்ந்து வீடு திரும்பிற்று. முதலாட்டத் தோல்வி முழுப் பருவத்தையும் கெடுத்த கதையும் உண்டு. 2002ஆம் ஆண்டு பிரான்சு செனகலிடம் 1-0 எனத் தோற்றபின் ஒரு கோலேனும் அடியாது முதற் சுற்றோடு வெளியேறிற்று. தோல்வியினின்று பாடங் கற்ற குழு எழுந்தது; கல்லாத குழுவும் கற்க இயலாத குழுவும் வீழ்ந்தன. முதலாட்டம் விதியை எழுதுவதன்று, வேலையைக் காட்டுவதே.

இவை நாடுகளின் குழுக்கள்; கல்லூரிக்குப் பொருந்துமோ என வினவுவாருக்குக் கல்லூரிக் கதையொன்றையே கூறுவோம். அமெரிக்காவிலே பல்கலைக்கழகங்களுக்கிடையில் ஆடப்படும் 'புற்போல்' எமது ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடி ஆடும், றகருக்கு அண்மிய ஆட்டம் அது. ஆயினும் ஆதரவாளரின் உள்ளம் எங்கும் ஒன்றே. 2007ஆம் ஆண்டு செத்தெம்பர் 1ஆந் திகதி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழு, தன் சொந்த மைதானத்திலே, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையிற் பருவத்தின் முதலாட்டத்தை ஆடிற்று. தரவரிசையில் அப்போது அதற்கு 5ஆம் இடம். எதிர்த்தாட வந்ததோ தாழ்ந்த பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்ரேற் என்னுங் குழு. ஆட்டம் ஒரு சடங்கு போல முடியுமென்றே பழைய மாணவர் எண்ணியிருந்தனர். முடிவு 34-32, வென்றது விருந்தினர் குழு. கடைசி வினாடிகளிலே மிச்சிகன் உதைத்த பந்தை எதிரணி வீரரொருவர் தடுத்து வீழ்த்த, அந்தப் பெரும் மைதானம் வாயடைத்து நின்றது.

அப்பலாச்சியன் ஸ்ரேற் 2005இலும் 2006இலும் தன் பிரிவிலே வாகை சூடிய குழு. 2007இலும் மூன்றாம் முறையாக அதனை வென்றது. ஆகவே மிச்சிகன் தோற்றது ஏதோ அறியாப் பிள்ளைகளிடமன்று. எதிரியின் ஆற்றலை நோக்காது தம் கல்லூரியின் பெயரை மட்டும் நோக்கியோரே அன்று திடுக்குற்றனர். அடுத்த கிழமையும் 39-7 எனத் தோற்ற மிச்சிகன், அதன்பின் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்றது. பருவத்தின் இறுதியாட்டத்திலே புளோரிடாவை 41-35 என வென்று தலைநிமிர்ந்தது. இரண்டாந் தோல்வியோடு "எல்லாம் முடிந்தது" என்று கைவிட்டோர், அவ்வெட்டு வெற்றிகளின் இன்பத்தையும் இழந்தோராவர்.

எமது நாட்டுக் கல்லூரிக் குழுவின் நிலை இன்னும் நுட்பமானது. நாட்டின் குழுவிலே ஒருவர் பத்தாண்டு ஆடலாம். கல்லூரிக் குழுவிலோ வயதெல்லையும் பரீட்சையும் ஆண்டுதோறும் ஆட்களை மாற்றுகின்றன. சென்ற ஆண்டு முன்களத்திலே மின்னியவன் இவ்வாண்டு பல்கலைக்கழகத்திலிருப்பான். அல்லது வேலை தேடி வெளிநாடு சென்றிருப்பான். அவனிடத்திலே நிற்பவன் சென்ற ஆண்டு கீழ்ப்பிரிவில் ஆடிய சிறுவன். சீருடை பழையது, அதனை அணிந்தவன் புதியவன். நாமோ சீருடையை மட்டும் பார்த்துச் சென்ற ஆண்டின் ஆட்டத்தை இவ்வாண்டுப் பிள்ளையிடம் கேட்கின்றோம். சிலர் இன்னும் பின்னோக்கிச் சென்று, முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தம் காலத்துக் குழுவை அளவுகோலாக்குகின்றனர். நினைவு எப்பொழுதும் வெற்றிகளைப் பெருக்கித் தோல்விகளைச் சுருக்கும் இயல்பினது. அத்தகைய அளவுகோலின் முன் எந்தப் பிள்ளைதான் நிமிர்ந்து நிற்க முடியும்?

இதனாற் கெடுவது யாதெனில், பிள்ளையின் மனம். இற்றைநாளில் மைதானத்துக்கு ஒரு மாணவனை அழைத்துவருதலே அரும்பாடு. உயர்தரப் பரீட்சை ஒருபுறம் அச்சுறுத்துகின்றது, பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்புக் காத்திருக்கின்றது, "பந்தடித்து என்ன காணப்போகிறாய்?" என்று வீட்டிலே வினவுகின்றனர். இத்தனையுங் கடந்து மாலைதோறும் வந்து வியர்வை சிந்திய ஒருவன், முதலாட்டத்திலே ஒரு பந்தைத் தவறவிடுகின்றான். வேலியோரத்திலே பெரியோர் என்று மதிக்கப்படுவோர் அவன் பெயரைச் சொல்லி ஏசுகின்றனர். அத்தவறு கைத்தொலைபேசியிற் படமாகி, கடல்கடந்த பழைய மாணவரிடமும் அன்றிரவே சென்று சேருகின்றது. மறுநாள் அவன் பயிற்சிக்கு வாரான். வீட்டாருக்கும் நல்ல சாட்டுக் கிடைத்துவிடும். ஒரு கோலுக்காக ஒரு மாணவனையே கல்லூரி இழக்கின்றது. அவனைக் கண்டு அஞ்சிப் பின்நிற்கும் இளையோர் சிலரையும் சேர்த்தே இழக்கின்றது. இஃது எத்தகைய வாணிபம்?

"அங்ஙனமாயின் வெற்றியே வேண்டாமென்கின்றீர்களோ? தட்டிக் கேட்பாரின்றேற் குழு சோம்பிப்போகாதோ?" எனச் சிலர் வினவலாம். வெற்றி வேண்டாமென்று நாம் கூறவில்லை. வெல்ல வேண்டுமென்ற வேட்கையின்றி மைதானத்தில் இறங்குவது எதிரணியையும் அவமதிப்பதாகும். வெற்றியை விரும்பலாம், ஆனால் அதனைக் கடன்காரனிடம் வட்டி கேட்பதுபோலக் கேட்டலாகாது. பதினெட்டு வயதுப் பிள்ளையொருவனின் கையில் உள்ளது முயற்சி மட்டுமே. எதிரணியின் ஆற்றலும், காற்றும், மத்தியஸ்தரின் ஊதுகுழலும், கம்பத்திற் பட்டுத் திரும்பும் பந்தும் அவன் கையிலில்லை. அவன் கையிலுள்ளதைக் கண்டிப்புடன் கேட்போம். அவன் கையிலில்லாததைக் கேளாதிருப்போம்.

கேட்கத்தக்கவை எவை? முதலாவது, உடல் உறுதி. ஆட்டத்தின் கடைசிக் கால்மணி நேரத்திலும் எம் பிள்ளைகள் முதற் கால்மணியிற்போலவே ஓடுகின்றனரா என்று பார்க்கவேண்டும். பயிற்சி ஒழுங்காக நடந்ததா என்பதை அது சொல்லிவிடும். இரண்டாவது, ஒருவர் மனதை மற்றவர் அறிந்து ஆடுதல். கோல்காப்பாளன் குரல்கொடுக்கப் பின்கள வீரர் அதனைக் கேட்டு ஒதுங்குகின்றனரா, பந்தை இழந்தவன் அதனை மீட்க ஓடுகின்றானா, தனித்துப் புகழ்தேடாது நல்லிடத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்கின்றானா என்பன நோக்கற்குரியன. மூன்றாவது, ஒழுக்கம். மத்தியஸ்தரின் முடிவைத் தலைவணங்கி ஏற்றலும், விழுந்த எதிரணி வீரனுக்குக் கைகொடுத்தலும், தோற்றபின்னும் எதிரணியோடு கைகுலுக்கலும் எம் கல்லூரிப் பிள்ளைக்கு அடையாளமாதல் வேண்டும். இம்மூன்றும் முதலாட்டத்திலே காணப்படின், தோற்றாலும் அக்குழு வளரும். இம்மூன்றுமின்றி ஐந்து கோலால் வென்றாலும் நாம் கவலைகொள்ளல் வேண்டும்.

இனி, கேட்பவர்க்குரிய கடமையொன்றுண்டு. எமது கோயில்களிலே தேரிழுக்கும் நாளில் வடம்பிடித்தவனே தேர் அசையாதபோது குரலெழுப்ப உரிமையுடையவன். நிழலிலே நின்று வெற்றிலை மென்றவாறு, "தேர் சாய்கிறது, இழுக்கத் தெரியவில்லை" என்பவனை ஊரார் மதிப்பதில்லை. முதலாட்டத்தன்று மட்டும் மைதானத்துக்கு வரும் பழைய மாணவர் தம்மைத் தாமே வினவுதல் நன்று: பருவத்துக்கு முந்திய மாதங்களில் ஒருநாளேனும் பயிற்சியைப் பார்க்கச் சென்றோமா? சப்பாத்து வாங்க இயலாத பிள்ளை எவனென்று அறிந்தோமா? பயிற்சி முடிந்து வெறுவயிற்றோடு வீடு செல்லும் பிள்ளைக்கு ஒரு நேரச் சிற்றுண்டிக்கு வழிசெய்தோமா? பழைய மாணவர் குழுவொன்றை அமைத்து, பருவத்துக்குமுன் கல்லூரிக் குழுவோடு இரண்டொரு பயிற்சி ஆட்டங்கள் ஆடினோமா? வெற்றிக் கிண்ணத்தோடு படமெடுக்க முந்துவோர், தோற்ற மறுநாட் பயிற்சிக்கு வந்து நின்றால் அதுவே பேருதவியாகும். கடல்கடந்து வாழும் அன்பர் பணம் அனுப்புகின்றனர், நன்றி. அப்பணத்தோடு ஒரு நல்ல வார்த்தையும் அனுப்பினால் இன்னும் நன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வார்த்தை. பருவந் தொடங்குமுன்னரே, "இவ்வாண்டு கிண்ணம் எமதே" என்று மேடையிற் கூறுதல் பிள்ளைகளுக்கு ஊக்கமாகாது, சுமையே ஆகும். மைதானத்தைச் சூழ்ந்து நின்று ஆர்ப்பரிக்கும் மாணவ நண்பர்கள், முன்னணியில் நிற்கும்போது எழுப்பும் குரலைப் பின்னடைந்தபோது இருமடங்காக்குதல் வேண்டும்; குரல் அப்போதுதான் வேண்டப்படுவது. ஆடும் பிள்ளைகளோ, வேலியோரத்துப் புகழையும் இகழையும் அங்கேயே விட்டுவிட்டு, பயிற்றுநர் சொல்லை மட்டும் செவிக்கொண்டு ஆடுவாராக.

இவ்விழா ஆண்டிலே எமது கல்லூரியின் முதற்பிரிவுக் குழு மைதானத்தில் இறங்கும்போது நாமும் அங்கு நிற்போம். வெற்றியையே விரும்பி நிற்போம். வென்றால் மகிழ்வோம். தோற்றால், அன்று மாலை பிள்ளைகள் தலைகுனிந்து வெளியேறும் வாயிலிலே நின்று, "அடுத்த ஆட்டத்துக்கும் வருவோம்" என்று கூறுவோம். கூறியவாறே வரவும் வேண்டும். பழைய மாணவரின் எதிர்பார்ப்பு பிள்ளைகளின் முதுகிலேற்றிய மூட்டையாகாது, அவர்தம் பின்னே நிற்கும் துணையாக அமைய வேண்டுமென்பதே எமது வேணவா.