கருவி கொடுத்தலும் கல்வி கொடுத்தலும்

பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பை ஏற்ற அரசு, அக்கல்விக்கு இன்றியமையாத பொருள் எதுவாயினும், அதை வாங்க இயலாதோர்க்கு வழங்கக் கடமைப்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. மதிய உணவும் சீருடையும் பாடநூலும் மிதிவண்டியும் அந்த நெறியின்படியே பள்ளிக்குள் வந்தன. இலவசம் மக்களைச் சோம்பராக்கும் என்று அன்று முணுமுணுத்தோர், பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கண்டு பின்னர் அடங்கினர். ஆயினும், ஒரு பொருளைக் கையில் தந்த அளவிலேயே தன் கடமை முடிந்தது என்று அரசு கருதத் தொடங்குமானால், கொடையே கடமையை மறைக்கும் திரையாகிவிடும்.

மேற்கு வங்கத்தில் பள்ளி மாணவர்க்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டத்தை நாம் இக்கண் கொண்டே நோக்குகிறோம். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020 டிசம்பரில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மதரசாக்களிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் ஒன்பதரை லட்சம் பேருக்குக் கருவி தரப்படும் என்று முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார். அத்தனை கருவிகள் குறித்த காலத்துள் கிடைக்கா என்று தெரிந்தபோது, ஆளுக்கு 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்துவதென முடிவாயிற்று. சட்டமன்றத் தேர்தல் சில மாதத் தொலைவில் நின்றதை நாம் மறக்கவில்லை. எனினும், வகுப்பறை கைப்பேசிக்குள் சுருங்கிவிட்ட அந்நாளில், கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அத்தொகை நீதியே ஆகும்.

இடர்க்காலம் கழிந்தது, பள்ளிகள் திறந்தன, இடர்க்காலத்து ஏற்பாடு மட்டும் அப்படியே நிலைத்தது. 'தருணேர் ஸ்வப்ன' என்ற பெயரில் ஆண்டுதோறும் தொடர்ந்த அது, 2024இல் பதினொன்றாம் வகுப்புக்கும் நீண்டது. மூடிய பள்ளிக்கு மாற்றாக வந்த கருவி, திறந்த பள்ளியில் எந்தப் பாடத்திற்கு, எந்த ஆசிரியர் வழிகாட்ட, எவ்வாறு பயன்படவேண்டும் என்ற வினா அப்போதே எழுந்திருக்க வேண்டும். வாங்கியதற்கான ரசீதைப் பள்ளியில் ஒப்படைப்பதோடு மாணவனின் பொறுப்பும், அதைக் கோப்பில் சேர்ப்பதோடு பள்ளியின் பொறுப்பும் தீர்ந்தன.

2024 நவம்பரில் வெளிப்பட்ட மோசடி இந்தக் குறையை வேறொரு வகையில் காட்டிற்று. கல்வித்துறையின் இணையவாசலில் பதிந்திருந்த கணக்கு எண்கள் மாற்றப்பட்டு, ஏறத்தாழ 1,900 மாணவர்க்குரிய தொகை அயலார் கணக்குகளுக்குச் சென்றது. கொல்கத்தாவின் தென்மேற்கே, பெஹாலா வட்டாரத்துச் சர்சுனா காவல் நிலையத்தில் பதிவானதும் இது குறித்த முறையீடுகளுள் ஒன்று. விசாரணை மாநிலத்தின் வடபகுதியில் சோப்ரா வரை சென்றது. சிறு தொகைக்காகத் தம் வங்கிக் கணக்கை இரவல் தந்த ஏழையரும் அதில் சிக்கினர். இழந்தோர்க்குப் பணம் மீளக் கிடைக்கும் என்று அரசு உறுதி கூறியது. பயன்பெறுவோர் பல லட்சம் பேராக இருக்க, இழந்தோர் தொகை சிறிதே என்று சொல்லவும் கூடும். ஆனால் திசைமாறிய பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்பதைச் சில நாள்களுள் தேடிக் கண்டறிய வல்ல ஓர் அரசு, திசைமாறாமல் சேர்ந்த பணம் மாணவனின் படிப்பில் என்ன விளைத்தது என்பதைத் தேட முற்படவில்லையே என்பதுதான் நம் கவலை.

பெஹாலாவை நாம் குறிப்பிடக் காரணம் இன்னொன்றும் உண்டு. முதல் தவணை வழங்கப்பட்டபோது கல்வி அமைச்சராயிருந்த பார்த்தா சட்டர்ஜி, அப்போது பெஹாலா மேற்குத் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்தார். ஆசிரியர் நியமன முறைகேட்டு வழக்கில் 2022 சூலையில் அவர் கைது செய்யப்பட்டார். அவர்மீதான குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். நாம் அதனுள் புகவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டுத் தேர்வின்வழி நிகழ்ந்த நியமனங்கள் மீட்க முடியாதபடி கறைபட்டவை எனக் கண்டு, ஆசிரியரும் அலுவலருமாக 25,753 பேரின் பணியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று நீக்கியது முடிந்த உண்மை. கறைபடாத ஆசிரியர் அவ்வாண்டு இறுதிவரை நீடிக்கலாம் என்று பின்னர் இசைவு தரப்பட்டது, பிள்ளைகளின் படிப்பு அறுபடாதிருக்கும் பொருட்டே. நீக்கப்பட்ட ஆசிரியர்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்குரியோர். எந்த வகுப்பு மாணவன் கையில் கருவி வைக்கப்பட்டதோ, அதே வகுப்பின் ஆசிரியர் இருக்கை ஆட்டம் கண்டது. இவ்விரண்டையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்துப் பார்ப்பது நிர்வாகத்துக்கு எளிது. பெஹாலாவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு அவை ஒன்றே.

மாணவர்க்குக் கருவி வழங்குவதில் தென் அமெரிக்க நாடான பெரு முன்னோடிகளுள் ஒன்று. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கி எளிய ஊர்ப் பள்ளிகளுக்கு அது வழங்கிற்று. கணினி கிடைத்த பிள்ளைகள் கணக்கிலோ மொழியிலோ மற்றவரை விஞ்சவில்லை என்று, 319 பள்ளிகளில் நிகழ்த்திய ஆய்வின் முடிவை அமெரிக்கக் கண்ட வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. நம் தமிழ்நாடும் 2011 முதல் மடிக்கணினி வழங்கிய மாநிலமே. வேலைக்கும் உயர்கல்விக்கும் அது துணையாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் பள்ளிப் பாடத்தோடு அது இணைந்ததா என்ற வினாவை நாமும் உரக்கக் கேட்டதில்லை. இதே மண்ணில் காமராசர் சோறு போட்டதை நினைவுகூர்வோர், அவர் ஊர்தோறும் பள்ளி திறந்ததையும் அங்கே ஆசிரியரை அமர்த்தியதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். பின்னதின்றி முன்னது வெறும் பந்தியாக முடிந்திருக்கும்.

திட்டத்தை நிறுத்துக என்று நாம் கூறவில்லை. நிறுத்தினால் இழப்பவர் வாங்க வழியில்லாதவரே. அடுத்த தவணைக்கு நிதி ஒதுக்கும் முன், மூன்று கணக்குகளை மேற்கு வங்க அரசு தன் சட்டமன்றத்தில் வைக்கட்டும்: இதுவரை தந்த தொகையில் எத்தனை கருவிகள் உண்மையில் வாங்கப்பட்டன, அவற்றின்வழிக் கற்பிக்க வங்க மொழியில் என்னென்ன பாடங்கள் ஆயத்தமாயின, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் நிரப்பப்படாத ஆசிரியர் இடங்கள், பள்ளிவாரியாக, எத்தனை.