டொக்டர் மாமா இல்லாத பிள்ளைகள்

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை மட்டும் பார்த்து மருத்துவ பீடத்துக்கு ஆள் எடுப்பதால்தான் வாட்டில் டொக்டர்மார் நோயாளியிடம் எரிந்து விழுகிறார்கள் என்றொரு வாதம் மட்டக்களப்பில் அடிக்கடி காதில் விழுகிறது. லீவில் வரும் வெளிநாட்டு உறவுகள் அதற்கு அமெரிக்க உதாரணமும் சேர்த்துத் தருவார்கள். அங்கே ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் ஒரு மருத்துவரின் கூடவே நின்று வேலையைப் பார்த்திருப்பது எதிர்பார்க்கப்படுகிறது. பேராசிரியர்களிடமும், பல கல்லூரிகளுக்கு மருத்துவர் ஒருவரிடமும் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். இங்கேயும் அப்படி வைத்தால் நல்ல மனசுக்காரர்கள் வருவார்களாம்.

அங்கே ஏன் கேட்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒஸ்டியோபதி ஒரு தனி மரபு. அதற்கான முதல் கல்லூரியை அன்ட்ரூ ரெய்லர் ஸ்டில் 1892இல் மிசூரி மாநிலத்தில் தொடங்கினார். அங்கு அதைப் படித்தவர்கள் இன்று மற்ற மருத்துவர்களைப் போலவே மருந்து எழுதுகிறார்கள், சத்திரசிகிச்சை செய்கிறார்கள். ஆனாலும், வேறு இடம் கிடைக்காமல் வருகிறாரா, இந்த மரபை அறிந்து வருகிறாரா என்று கல்லூரிக்குத் தெரியவேண்டியிருக்கிறது. விண்ணப்பிப்பவரும் பெரும்பாலும் பட்டப்படிப்பை முடிக்கும் வயதுக்காரர். உயர்தரம் எழுதிய கையோடு வரும் நம் பிள்ளைக்கு இதில் எது பொருந்தும்?

கூட நின்று பார்த்தால் ஆர்வம் தெரிந்துவிடும் என்பார்கள். யாருடன் நிற்பது? மண்டூர்ப் பிள்ளை வாவியைக் கடந்து குருமண்வெளித் துறைக்குப் படகுப் பாதையேறி வந்து, பஸ் பிடித்து, போதனா வைத்தியசாலை வாசலுக்கு வந்தாலும் காவலாளி "யாரைப் பார்க்க வந்த நீங்க?" என்றுதான் கேட்பார். மாமா டொக்டராக இருந்தால் அந்தக் கேள்வியே வராது. அம்மம்மாவுக்குத் துணையாக வாட்டுக் கதிரையில் விடியவிடிய இருந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரி தெரியாதென்று யார் சொன்னது? அதற்குக் கையெழுத்துப் போட்டுத் தர ஆளில்லை, அவ்வளவுதான்.

கடிதம் குணத்தைக் காட்டுமாம். விடுகைப் பத்திரத்தில் மாணவரைக் குறைசொல்லி எழுதிய அதிபரை எனக்குத் தெரியாது. எல்லாரும் ஒழுக்கமானவர்கள், எல்லாரும் கீழ்ப்படிவுள்ளவர்கள். சிற்றூழியர் வேலைக்கே எம்பியின் கடிதத்தோடு அலைகிற ஊரில், மருத்துவ பீடத்துக்குக் கடிதம் என்றால் யார் வீட்டு வாசலில் கியூ நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஒருகாலம் மருத்துவக் கல்லூரித் தெரிவில் 275 புள்ளிகளில் 75ஐ நேர்முகத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். 1970இல் பெரியகருப்பன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கு மிகையானது என்றது. எதிரே உட்கார்ந்து பேசியதற்கே அந்த நிலை. கடிதத்தில் பிள்ளையின் முகம்கூட இருக்காது.

இசட் புள்ளி மனிதத்தன்மையை அளப்பதில்லை என்பது சரிதான். அது அளப்பதாக யாரும் சொல்லவுமில்லை. கூட நின்று பழகுவது நம் முறையிலும் இருக்கிறது. தெரிவானபின் எல்லாருக்கும் ஒரேமாதிரி நடக்கிறது. ஐந்து வருடப் படிப்பில் வாட்டுக்குப் போகிறார்கள், பிறகு ஒரு வருடம் மேற்பார்வையில் உள்ளகப் பயிற்சி. அதை முடித்தால்தான் மருத்துவ சபையின் முழுப் பதிவு. தெற்கிலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரும் சிங்கள மாணவர், "எங்க நோகுது, அம்மா?" என்று கேட்கப் பழகுவது மட்டக்களப்பு வாட்டில்தான். எரிந்து விழும் டொக்டரை அங்கே கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கட்டும்.

மாவட்ட ஒதுக்கீட்டால் தரம் குறைகிறது என்பதும் இந்தப் பேச்சோடு ஒட்டிவரும். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். எந்த வழியால் நுழைந்தாலும் பீடத்தின் இறுதிப் பரீட்சை ஒன்றுதான். ஒதுக்கீட்டில் குறை இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்லும் குறை இல்லை: மாவட்டம் ஒரே அலகு என்பதால், நகரத்தில் பெயர்பெற்ற ஆசிரியரிடம் ரியூசன் போகும் பிள்ளையும் வாவிக்கு அந்தப் பக்கமுள்ள படுவான்கரைப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு முட்டிமோதுகிறார்கள். விதியை மாற்ற நினைப்பவர்கள் முதலில் வாவிக்கு அந்தப் பக்கம் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் அனுப்பட்டும்.