மூன்று குழாயும் ஒரே நிறம்!

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்று கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பைக் கரைத்த தண்ணீர். இன்னொன்றில் பொட்டாசியம் புரோமைடு. மூன்றாவதில் பொட்டாசியம் அயோடைடு. பார்வைக்கு மூன்றும் கிணற்றுத் தண்ணீர்தான். சீட்டு ஒட்ட மறந்துவிட்டார்கள். எது எதுவென்று எப்படிச் சொல்வது? வாயில் வைத்துப் பார்ப்பேன் என்றால் பூஜ்யம் மார்க்!

பள்ளிக்கூடத்தில் ஒரு வழி சொல்லித் தருகிறார்கள். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட். குளோரைடு பால் திரிந்தாற்போல் வெள்ளையாகும். புரோமைடு இளமஞ்சள், அயோடைடு மஞ்சள். புடவைக் கடையில் பழகிய கண்ணுக்கே இந்த இரண்டு மஞ்சளும் சில சமயம் மயக்கம் தரும். அப்போது அமோனியா விட வேண்டும். வெள்ளை சுலபமாகக் கரையும். இளமஞ்சளுக்குக் காரமான அமோனியா வேண்டும். மஞ்சள் எதற்கும் கரையாது.

இதைவிட ருசிகரமான வழி ஒன்று உண்டு. குளோரின், புரோமின், அயோடின் மூன்றும் ஒரே குடும்பம். ஹாலஜன் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘உப்பை உண்டாக்குவது’ என்று பொருள். இந்தக் குடும்பத்தில் மூத்தவர் வந்தால் இளையவர் எழுந்து இடம் விட வேண்டும்!

குளோரின் அணு சிறியது, 17 எலெக்ட்ரான்கள். இன்னும் ஒன்று கிடைத்தால் அதை உட்கரு கிட்டத்திலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புரோமினுக்கு 35, அயோடினுக்கு 53. அணு பெரிதாகப் பெரிதாக வெளி எலெக்ட்ரான் எட்டிப் போகிறது, பிடியும் தளர்கிறது. ஆகையால் மூன்று குழாய்களிலும் குளோரின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், குளோரைடு சும்மா இருக்கும். புரோமைடிலிருந்து புரோமின் வெளியே தள்ளப்பட்டு ஆரஞ்சு நிறம் காட்டும். அயோடின் பழுப்பாக வெளிவரும். அதில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் விட்டால் கருநீலமாகிவிடும். குளோரினை அவசரப்பட்டு அதிகம் கொட்டினால் அயோடினின் நிறம் மறைந்துபோகும். ஆகவே நிதானம் வேண்டும். (இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஃபுளோரின். தண்ணீரையே விட்டு வைக்காத முரடர். அவரைப் பரீட்சைக்கு அழைப்பதில்லை.)

இதே சோதனைதான் ஒரு வாலிபருக்குப் புகழையும், ஒரு மேதைக்கு மனத்தாங்கலையும் தந்தது.

பிரான்ஸ் தேசத்தில், மோன்பெலியே நகரத்தில், அந்துவான் பலார் என்ற உதவியாளர் கடற்பாசிச் சாம்பலைக் கரைத்து, அயோடின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாவுக் கஞ்சியும் குளோரின் நீரும் விட்டார். நீலம் தெரிந்தது. அது எதிர்பார்த்த அயோடின். நீலத்துக்கு மேலே மஞ்சளாக ஓர் அடுக்கு நின்றதே, அது யார்? உப்பளத்தில் உப்பை எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரிலும் குளோரினை விட்டுப் பார்த்தார். அதே மஞ்சள்! அதைப் பிரித்தெடுத்தபோது, மூக்கைத் துளைக்கும் நாற்றத்துடன் கருஞ்சிவப்புத் திரவம் ஒன்று கிடைத்தது. குளோரினும் அயோடினும் சேர்ந்த பொருளாக இருக்குமோ என்று அவருக்கும் சந்தேகம் வந்தது. இரண்டாகப் பிரிக்கப் படாத பாடு பட்டார். பிரியவில்லை. புதிய தனிமம் என்று 1826-ல் உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 23. நாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து புரோமின் என்ற பெயர் வந்தது.

அந்தச் செய்தியைப் படித்ததும் ஜெர்மனியில் ஒருவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பெரிய ரசாயன மேதை லீபிக். கிராய்ட்ஸ்நாக் உப்பு ஊற்றிலிருந்து கிடைத்த அதே திரவம் அவரிடம் முன்பே வந்திருந்தது. ‘அயோடின் குளோரைடு’ என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்! பலார் எந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தாரோ, அதையே இவர் முடிவாக எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் புட்டியைத் தம் தவறுகளுக்கென்று ஒதுக்கிய அலமாரியில் வைத்தார் என்று சொல்வார்கள்.

லீபிக்குக்குப் போனது ஒரு புகழ்தான். நம் வீட்டுக் குளியலறையில் சீட்டே இல்லாத புட்டிகள் இருக்கின்றனவே! கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கிறோம். அதுவும் பார்வைக்குத் தண்ணீர்தான். குழந்தை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும்? பளிச்சென்று வரட்டும் என்று அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் கிளம்புவது அதே குளோரின். 1915-ல் உலகப் போரில் வீரர்கள் மேல் ஏவப்பட்ட வாயு அது. கதவடைத்த சிறு அறையில் நுரையீரலைத் தாக்கிவிடும். தப்பித்தவறிக் கலந்து நெடி வந்தால், குனிந்து பார்க்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்; மூச்சுத் திணறினால் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள்.

சோதனைக் கூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் நின்று கலந்து பார்க்கச் சொல்வார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. ஆகவே ஆசிட் வாங்கிய புட்டியிலேயே இருக்கட்டும்; பவுடர் வேறு அலமாரியில் இருக்கட்டும். இன்று சாயங்காலமே குளியலறையை ஒரு முறை பார்த்துவிடுங்களேன்!